கார் வாங்கினால் வரி மிச்சமா? கணக்குப் போட்டுப் பாருங்க, அண்ணாச்சி!

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் போதும். சி.டி.எச். ரோட்டில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்.

"புதுக் கார் எடுங்க. வருமான வரியிலே கழிச்சுக்கலாம்!"

கேட்பவருக்கு நாக்கில் தேன் தடவியது மாதிரி இருக்கும். வாசலில் காரும் நிற்கும். சர்க்காருக்குப் போகிற பணமும் மிச்சம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

மாங்காய் விழுவது உண்மைதானா? விழுந்தால் எத்தனை விழும்? யார் மடியில் விழும்?

இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏழு வருடம் தவணை கட்டி முழி பிதுங்குகிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை.

அண்ணாச்சி கதை

திருநின்றவூரில் ஒரு மளிகைக் கடைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டாம். அண்ணாச்சி என்றாலே போதும்.

காலை 5 மணிக்குக் கடை திறப்பவர். முதல் மின்சார ரெயிலுக்கு ஓடுகிறவர்களுக்குப் பால் பாக்கெட் எடுத்துக் கொடுப்பவர். ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரை இழுப்பவர்.

இவரிடம் கார் கம்பெனி ஆள் வருகிறார்.

"அண்ணாச்சி, பத்து லட்சத்துக்கு வண்டி. மார்ச் 31-க்குள்ள எடுத்துட்டீங்கன்னா இந்த வருஷக் கணக்குலயே கழிச்சிரலாம். வரியா கட்டுற காசு வண்டியா நிக்கும்!"

அண்ணாச்சி மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது. இந்த வருடம் கடையில் 15 லட்சம் லாபம். பத்து லட்சம் கழிந்தால் மீதி ஐந்து லட்சம். அதற்கு வரியே இல்லை. அடடா!

இந்த மனக்கணக்கில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் அண்ணாச்சியின் கல்லாப் பணம் ஒழுகும்.

முதல் ஓட்டை: பத்து லட்சம் கழியாது

வருமான வரிச் சட்டத்தில் கார் விலையை ஒரே வருடத்தில் கழிக்க வழி கிடையாது. கார் தேய்கிறது அல்லவா? அந்தத் தேய்மானத்தைத்தான் வருடா வருடம் கழிக்கலாம்.

தொழிலுக்கு உபயோகிக்கும் காருக்குத் தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம். வாடகைக்கு ஓடும் டாக்சி, லாரி, பஸ்களுக்கு 30 சதவீதம். அண்ணாச்சி டாக்சி ஓட்டவில்லை. எனவே அவருக்கு 15.

முதல் வருடம் பத்து லட்சத்தில் 15 சதவீதம். அடுத்த வருடம் பத்து லட்சத்தில் அல்ல, மிச்சம் உள்ள மதிப்பில் 15 சதவீதம். இப்படியே குறைந்துகொண்டு போகும்.

1961-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. 2026 ஏப்ரல் 1-ந்தேதியை அமல் தேதியாகக் கொண்ட சட்டம் அது. அதில் பிரிவு எண்கள் மாறின. தேய்மானக் கணக்கின் அடிப்படை மாறவில்லை.

இரண்டாவது ஓட்டை: மார்ச்சில் வாங்கினால் பாதி

இதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி.

அந்த நிதி ஆண்டில் வண்டி 180 நாளுக்குக் குறைவாக உபயோகத்தில் இருந்தால், தேய்மானம் பாதிதான் கிடைக்கும். அதாவது 15 சதவீதம் இல்லை. ஏழரை சதவீதம்!

அக்டோபர் தொடக்கத்துக்குள் வண்டி ஓட ஆரம்பித்திருந்தால் முழுத் தேய்மானம் உண்டு. அதைத் தாண்டினால் ஏழரைதான்.

மார்ச் 25-ந்தேதி மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுக்கிற வண்டிக்கு ஏழரை நிச்சயம்!

மூன்றாவது ஓட்டை: கழிவது வருமானத்தில், வரியில் அல்ல

பத்து லட்சத்தில் ஏழரை சதவீதம் என்றால் ரூ.75 ஆயிரம்.

"சரி, 75 ஆயிரம் வரி மிச்சம்" என்று அண்ணாச்சி நினைப்பார். அங்கேதான் தப்பு.

75 ஆயிரம் கழிவது வருமானத்தில். 15 லட்சம் லாபம் 14 லட்சத்து 25 ஆயிரமாகக் குறைகிறது. அவ்வளவுதான்.

2025-26 நிதி ஆண்டின் புதிய முறை விகிதப்படி பார்க்கலாம். 15 லட்சத்துக்கு வரி, 4 சதவீத செஸ் சேர்த்து ரூ.1 லட்சத்து 9 ஆயிரத்து 200. 14 லட்சத்து 25 ஆயிரத்துக்கு வரி ரூ.97 ஆயிரத்து 500.

வித்தியாசம் எவ்வளவு?

ரூ.11 ஆயிரத்து 700!

பத்து லட்சம் ரூபாய் கார். முதல் வருடம் வரியில் மிச்சம் பதினோராயிரத்து எழுநூறு. எலியைப் பிடிக்க வீட்டுக்குத் தீ வைத்த கதைதான்!

தவணைக்கு முன்னால் நிற்குமா?

"பாங்கி வட்டியும் கழியுமே?" என்று யாராவது கேட்கலாம். கழியும். தொழிலுக்கு வாங்கிய காரின் கடன் வட்டி தொழில் செலவுதான். பெட்ரோல், இன்சூரன்ஸ், ரிப்பேர், டிரைவர் சம்பளம் எல்லாம் செலவுதான். அதை யாரும் மறுக்கவில்லை.

அண்ணாச்சி ரூ.8 லட்சம் கடன் வாங்குகிறார். 9 சதவீத வட்டி, 7 வருடத் தவணை என்று வைத்துக்கொள்ளலாம். மாதத் தவணை சுமார் ரூ.12 ஆயிரத்து 870. வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

முதல் முழு வருடத்தில் அதில் வட்டி மட்டும் சுமார் ரூ.68 ஆயிரத்து 500. தேய்மானம் ரூ.1 லட்சத்து 38 ஆயிரத்து 750. இரண்டும் சேர்த்து இரண்டு லட்சத்துச் சொச்சம் வருமானத்தில் கழிகிறது. லாபம் அதே 15 லட்சமாக இருந்தால், வரியில் மிச்சம் சுமார் ரூ.32 ஆயிரம்.

கல்லாவை விட்டுப் போகிறது ஒன்றரை லட்சம். கல்லாவில் தங்குவது 32 ஆயிரம்.

கடைக்குக் கார் தேவை என்றால் இந்த 32 ஆயிரம் நல்ல உதவி. சந்தேகமே இல்லை. தேவை இல்லாமல், வரிக்காக மட்டும் வாங்கினால்? அண்ணாச்சியே பதில் சொல்லட்டும்.

வரியே இல்லாதவருக்கு என்ன மிச்சம்?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு.

சிறு வியாபாரிகள் பலர் பேரேடு எழுதி லாபக் கணக்குக் காட்டுவதில்லை. விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டி வரி கட்ட ஒரு சுலப வழி இருக்கிறது. ரொக்க விற்பனையில் 8 சதவீதம். பாங்கி வழியாக, போன் ஸ்கேன் வழியாக வரும் விற்பனையில் 6 சதவீதம். விற்றுமுதல் 2 கோடி வரை இந்த வழி. ரொக்கம் 5 சதவீதத்துக்கு மேல் இல்லாவிட்டால் 3 கோடி வரை.

இந்த வழியில் போகிறவருக்குத் தேய்மானம் ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது என்பதே சட்டத்தின் கணக்கு. புதிதாகக் கார் வாங்கினாலும் தனியாக ஒரு பைசா கழியாது. பாங்கி வட்டியும் கழியாது.

இன்னும் கேளுங்கள். ஒருவருக்கு வருட விற்பனை ஒரு கோடி. பாதி ரொக்கம், பாதி பாங்கி வழி. ரொக்கத்துக்கு 4 லட்சம், பாங்கிக்கு 3 லட்சம், ஆக 7 லட்சம் வருமானம். புதிய முறையில் 2025-26 நிதி ஆண்டு முதல் 12 லட்சம் வருமானம் வரை தள்ளுபடி போக வரி கிடையாது.

வரியே கட்டாத மனிதர் எதை மிச்சம் பிடிப்பார்? சுழியில் எதைக் கழித்தாலும் சுழிதானே!

அவரிடம் போய், "கார் எடுத்தால் வரி மிச்சம்" என்று சொல்வது மொட்டைத் தலைக்குச் சீப்பு விற்கிற வேலை.

ரொக்கம் கொடுத்தால் போச்சு!

முன்பணம் கொடுக்கும்போது அடுத்த பள்ளம் காத்திருக்கிறது.

"ரெண்டு லட்சம் முன்பணத்தைக் கையிலே ரொக்கமா கொடுத்துட்டேன்" என்பார் அண்ணாச்சி. போச்சு!

தொழிலுக்காக வாங்கும் சொத்துக்கு ஒரே நாளில் ஒருவருக்கு 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை சொத்தின் விலையிலேயே சேராது. விலையில் சேராவிட்டால் தேய்மானமும் இல்லை. மேலும் ஒருவரிடம் இருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கே தடை இருக்கிறது.

செக் கொடுங்கள். பாங்கி மூலம் அனுப்புங்கள். ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றியும் ஒரு புரளி உண்டு. "கார் விலையிலே இருக்கிற ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கலாம்" என்பார்கள். டாக்சி ஓட்டுகிறவர், டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர், கார் விற்கிற வியாபாரி ஆகியோருக்கு அந்த வழி உண்டு. மளிகைக் கடைக்காரரின் காருக்குக் கிடையாது.

2025 செப்டம்பர் 22-ந்தேதி சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததே, அது விலையில் வந்த குறைவு. எல்லோருக்கும் பொது. அதையும் வருமான வரியையும் போட்டுக் குழப்பக்கூடாது.

கடைக்கு நிஜமாகவே வண்டி தேவை என்றால், மூட்டை ஏற்றுகிற குட்டி யானை இருக்கிறது. சரக்கு வண்டியாக இருப்பதால் முறையாக ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுக்கும் வியாபாரி அந்த வரியை வரவு எடுக்க வழி உண்டு. கோயம்பேட்டில் இருந்து மூட்டையும் வந்து சேரும். ஆனால் குட்டி யானையில் கல்யாணத்துக்குப் போக முடியாதே!

அங்கேதான் அடுத்த பிரச்சினை.

பாதி கடைக்கு, பாதி கல்யாணத்துக்கு

கார் கடைப் பெயரில். ஓட்டுவது மகன். போவது காலேஜுக்கு. ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம். ஆடி மாதம் குலதெய்வம் கோவில். பெட்ரோல் பில் மட்டும் கடைக் கணக்கில்!

சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. வண்டி முழுக்கத் தொழிலுக்கு இல்லை என்றால், தொழிலுக்கு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் கழிவு. பாதி சொந்த உபயோகம் என்றால் தேய்மானத்தில் பாதி போய்விடும். அண்ணாச்சியின் 11 ஆயிரத்து 700, ரூ.5 ஆயிரத்து 850 ஆகிவிடும்.

"அதிகாரி என்ன, வண்டிக்குப் பின்னாடியா வரப்போறாரு?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

வர வேண்டியதில்லை. கேள்வி கேட்டால் போதும். எந்த தேதியில் எங்கே போனது? எத்தனை கிலோமீட்டர்? எந்தக் கொள்முதலுக்கு? பதில் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகமாவது வேண்டும். தவறான கணக்குக் காட்டி வருமானத்தைக் குறைத்தது நிரூபணமானால், மறைத்த வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் வரும்.

ஆறாயிரத்துக்கு ஆசைப்பட்டு நுங்கம்பாக்கம் ஆயகர் பவன் படிக்கட்டை ஏறி இறங்க வேண்டுமா?

விற்கும்போதும் கணக்கு திரும்பி வரும். மூன்று வருடத் தேய்மானம் போக ஏட்டில் கார் மதிப்பு ரூ.6 லட்சத்து 68 ஆயிரம். நாலாம் வருடம் 7 லட்சத்துக்கு விற்றால்? அந்தத் தொகுப்பில் கடைக்கு வேறு சொத்து இல்லாவிட்டால், மேலே வந்த 32 ஆயிரம் லாபம். அதற்கு வரி உண்டு. கழித்ததில் ஒரு பகுதியைச் சர்க்கார் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

ரெயில் குமாஸ்தா செய்த பாவம் என்ன?

இதுவரை கடைக்காரர் கதை. சம்பளக்காரர் கதை என்ன?

காலை நேர மின்சார ரெயிலில் திருநின்றவூரில் ஏறி, கம்பியைப் பிடித்தபடி சென்ட்ரல் வரை நின்றுகொண்டே போகிறாரே குமாஸ்தா, அவரும் ஒரு நாள் கார் வாங்குகிறார். அதே கார். அதே விலை. அதே பாங்கி. அதே வட்டி.

அவருக்குக் கழிவு எவ்வளவு?

ஒன்றுமே இல்லை!

சம்பளக்காரருக்கு நிலையான கழிவு உண்டு. புதிய முறையில் 75 ஆயிரம். பழைய முறையில் 50 ஆயிரம். கார் வைத்திருந்தாலும் அதுதான், கால்நடையாகப் போனாலும் அதுதான். காருக்கென்று தேய்மானம் இல்லை. வட்டிக்கும் கழிவு இல்லை.

ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. 2019 ஜூலை பட்ஜெட்டில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் ஒரு சலுகை அறிவித்தார். மின்சார வண்டி வாங்கக் கடன் எடுத்தால், வட்டியில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரருக்கும் உண்டு. ஸ்கூட்டருக்கும் உண்டு.

2019 ஏப்ரல் 1-ந்தேதி முதல் 2023 மார்ச் 31-ந்தேதி வரை அனுமதியான கடன்களுக்கு மட்டும் என்று கெடு இருந்தது. கெடு முடிந்தது. ஜன்னல் சாத்தியது. அந்தக் காலத்தில் கடன் வாங்கியவர்கள் பழைய முறையில் கணக்குக் கொடுத்தால் மட்டும் கழிக்கலாம். புதிதாகக் கடன் வாங்குகிறவருக்கு இல்லை.

இது தெரியாமல் இன்றும், "மின்சார வண்டி எடுங்க சார், ஒன்றரை லட்சம் கழியும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடன் தேதி என்ன என்று கேளுங்கள்.

கார் செய்கிற மண்ணில் இப்படி ஒரு நிலைமை! அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான பாகங்கள் தயாராகின்றன. திருவள்ளூர் பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் லான்சர் கார் தயாரானது. அந்தத் தொழிலாளி தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு வண்டி வாங்கினால் வருமான வரியில் சலுகை பூஜ்யம்.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் 2025 ஜூலை 4-ந்தேதி கையெழுத்தான சட்டத்தில் சம்பளக்காரருக்கும் வழி வைத்தார்கள். சொந்த உபயோகத்துக்குப் புதுக் கார் வாங்கி, அந்தக் கார் அமெரிக்காவிலேயே பூட்டப்பட்டதாக இருந்தால், கடன் வட்டியில் வருடத்துக்கு 10 ஆயிரம் டாலர் வரை வருமானத்தில் கழிக்கலாம். 2025 முதல் 2028 வரை. தனி ஆளின் வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் சலுகை தேயும்.

அங்கே நிபந்தனை வண்டி மீதும் வருமானத்தின் மீதும். இங்கே நிபந்தனை ஆளின் தொழில் மீது!

யாருக்காகச் சலுகை?

கடைக்காரர் மீது பொறாமைப்படத் தேவை இல்லை. சம்பாதிக்கச் செய்த செலவைக் கழித்துத்தான் லாபம் பார்க்க முடியும். கொள்முதலுக்குப் போகிற வண்டியின் தேய்மானம் நியாயமான செலவு. அது இனாம் அல்ல.

ஆனால் இந்தத் தேய்மான விகிதத்தைச் சர்க்கார் எதற்கெல்லாம் உபயோகித்தது என்று பார்த்தால் கதை விளங்கும்.

1975 பிப்ரவரி 28-ந்தேதிக்குப் பிறகு வாங்கிய வெளிநாட்டுக் கார்களுக்குத் தேய்மானம் கிடையாது என்று சட்டம் போட்டார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது போன்ற சில விலக்குகள் மட்டும். 2001 ஏப்ரல் 1-ந்தேதி முதல் வாங்கிய கார்களுக்குத்தான் அந்தத் தடை நீங்கியது. இருபத்தாறு வருடம், கம்பெனி முதலாளி சீமைக் காரில் போனால் தேய்மானம் பூஜ்யம்.

அடுத்தது 2019. கார் விற்பனை படுத்துவிட்டது. ஆகஸ்டு 23-ந்தேதி நிதி மந்திரி அறிவிப்பு வந்தது. அன்று முதல் 2020 மார்ச் 31-ந்தேதி வரை வாங்கும் வண்டிகளுக்குத் தேய்மானம் இரட்டிப்பு. 15 சதவீதம் 30 ஆனது.

காரின் டயர் அந்த ஏழு மாதத்தில் இரண்டு மடங்கு வேகமாகத் தேய்ந்ததா? இல்லை. விற்பனை தூக்கி நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு கார்த் தொழிலில் இருக்கிறது. ஆனால், கார்த் தொழில் படுத்தால் சட்டத்தை வளைக்க முடிகிறது என்றால், சம்பளக்காரரின் முதுகு வளைந்தால் வளைக்க முடியாதா?

எல்லோருக்கும் கார்ச் சலுகை கொடுங்கள் என்பதல்ல வாதம். கொடுத்தால் சி.டி.எச். ரோடு தாங்காது! பிழைப்புக்காக ஒரு சின்ன வண்டி வாங்குகிற சம்பளக்காரருக்கு, கடன் வட்டியில் ஒரு சிறு பகுதியாவது கழிக்க மறுபடியும் ஜன்னலைத் திறக்கலாம். ரெயில் நிலையம் வரை போக ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறவருக்கு அந்தச் சலுகை போய்ச் சேரட்டும். நிதி மந்திரி யோசிப்பாரா?

உங்கள் ஒரு சதவீதம் எங்கே?

சம்பளக்காரருக்கும் கடைக்காரருக்கும் பொதுவான ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. இதில் பணம் வாங்குகிறவர் கையிலேயே இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

10 லட்சத்துக்கு மேல் விலை உள்ள கார் வாங்கினால், விற்கிறவர் 1 சதவீதம் வரி வசூலித்து வருமான வரி இலாகாவில் கட்ட வேண்டும். 2016 ஜூன் 1-ந்தேதி வந்த விதி இது. 12 லட்சம் கார் என்றால் 12 ஆயிரம்.

இது கூடுதல் வரி அல்ல. வாங்குகிறவரின் பெயரில், அவருடைய பான் எண்ணில் வரவாகி நிற்கும் முன்பணம். வருடாந்திரக் கணக்குக் கொடுக்கும்போது கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வரியே இல்லை என்றால் முழுசாகத் திரும்ப வரும்.

கணக்கே கொடுக்காமல் விட்டுவிட்டால்? பணம் சர்க்கார் பெட்டியிலேயே தூங்கும்.

பில்லில் அந்த ஒரு சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். பான் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினால் உங்கள் பணம் வேறு யார் வாசலிலோ போய் நிற்கும்.

பூசலார் கணக்கு செல்லாது

திருநின்றவூருக்கு ஒரு பெருமை உண்டு. அறுபத்துமூவரில் ஒருவரான பூசலார் நாயனார் வாழ்ந்த ஊர் இது. கையில் காசு இல்லாமல், கல் மேல் கல்லாக மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோவில் கட்டியவர். காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜா கட்டிய கற்கோவில் காத்திருக்க, ஈசன் முதலில் வந்தது பூசலாரின் மனக் கோவிலுக்கு என்பது வரலாறு. இருதயாலீசுவரர் கோவில் இன்றும் அதற்குச் சாட்சி.

ஈசன் மனக்கணக்கை ஒத்துக்கொண்டார். வருமான வரி அதிகாரி ஒத்துக்கொள்ள மாட்டார்!

அவருக்கு ஏடு வேண்டும். ரசீது வேண்டும். வண்டி ஓடிய நோட்டு வேண்டும்.

ஆகவே ஷோரூமில் பேனாவைக் கையில் எடுக்கும் முன் அண்ணாச்சிகள் ஆடிட்டரிடம் நாலே நாலு கேள்வி கேட்டால் போதும்.

ஒன்று: நான் எந்த வழியில் கணக்குக் கொடுக்கிறேன்? சதவீத வழியா, பேரேட்டு வழியா?

இரண்டு: என் வரி விகிதத்தில் இந்தக் காருக்கு முதல் வருடம் கைக்கு நிஜமாக எத்தனை ரூபாய் மிச்சம்?

மூன்று: கடைக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று எப்படிக் காட்டுவது?

நாலு: இந்த வரிப் பேச்சே இல்லை என்றாலும் எனக்கு இந்தக் கார் வேண்டுமா?

நாலாவது கேள்விக்கு "ஆமாம்" என்று மனசு சொன்னால் தாராளமாக வாங்குங்கள். தேங்காய் உடையுங்கள். மகன், மகள், பேரன், பேத்தி எல்லோரையும் உட்காரவைத்து ஒரு சுற்று வாருங்கள்.

"வரிக்காகத்தான்" என்று மனசு சொன்னால் பேனாவை மூடுங்கள்.

கார் விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "வரி மிச்சம்" என்று வாயால் சொல்வதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எத்தனை சதவீதம், எந்த வருடம், யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று நாலு வரி. எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

மகாலட்சுமி வந்து நின்றதால் திரு நின்ற ஊர் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பக்தவத்சலப் பெருமாள் கோவிலில் தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்றே பெயர்.

தாயார் கொடுத்த காசு அண்ணாச்சியின் கல்லாவிலும் குமாஸ்தாவின் பாஸ் புத்தகத்திலும் நிற்க வேண்டும். பாதி விலைக்கு இறங்கிப்போன கார் மட்டும் வாசலில் நின்று, பாங்கிக்காரர் கதவைத் தட்டினால், ஊர்ப் பெயருக்கே இழுக்கு இல்லையா?